கிளறாத சோறு

பட்டிமன்றம் ஒன்றில் பேச அபுதாபி சென்றிருந்தபோது, அங்கே ருவைஸ் எண்ணெய் ஆலையில் பணிபுரியும் என் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தார். எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார். தயங்காமல் ஸ்பானிய உணவகம் ஒன்றைச் சொன்னேன். வாலென்சியா வட்டாரத்துப் பயேயாவை அவ்வூர் முறைப்படியே உண்பது என்று புறப்படும் முன்பே உறுதி பூண்டிருந்தேன். கோழியும் முயலும் அவரைக்காயும் சேர்த்து அகன்ற இரும்புச் சட்டியில் சமைக்கும் சோறு அது. அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலே அதன் உச்சம்.

சட்டி மேசைக்கு வந்ததும் அண்ணன் கரண்டியை அடிவரை இறக்கினார். தொழிலாளர் கேம்ப் அறையில் வெள்ளிதோறும் பிரியாணி சமைப்பவர் அவர். கிளறிப் பரிமாறியே பழகிய கை.

"அண்ணே, கிளறாதீங்க!" என்று மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அடிச்சோறு மேல வரணும்டா. மசாலா பூரா கீழதான கெடக்கும்?"

"இதுல கீழ இருக்கறது காந்தல். அவங்கவங்க ஓரத்துலேர்ந்து சாப்பிட்டு உள்ள போகணும்."

"தீஞ்சதுக்கா இவ்வளவு சண்டை? இங்க நடுவர் யாருடா?"

"உங்க நாக்குதான். கரண்டிய எடுங்க."

பிடியை நான் விடவில்லை. பசியோடிருந்தவர் முணுமுணுத்தபடி கரண்டியை எடுத்தார். இருவரும் அவரவர் ஓரத்திலிருந்து உண்டோம். சோறு தீர்ந்து அடி தெரிந்தது. காந்தலைச் சுரண்டி வாயிலிட்டவர் மறுபடி மறுபடி சுரண்டினார். தம் பக்கத்தை முடித்ததும் அவருடைய கரண்டி என் பக்கம் நுழைந்தது.

மீண்டும் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வென்ற வாதத்தின் பரிசை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை.