செஞ்சி ஆற்றுப் பாலத்தில் கவுஸ் நின்ற இடம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்குக் கோபமில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே கிண்டலடிக்கிற ஆள் நான். செஞ்சிக்கு வெளியே ஆற்றுப் பாலத்தை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்தேன்.

எண்பதுகளில் ஒரு ஐப்பசி. வெள்ளம் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியதால் குறுக்கே கயிறு கட்டி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு, தூணில் இருக்கிற சிவப்புக் கோடு வெளியே தெரிந்துவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடலாம், பயமில்லை. எல்லோரும் மேலே தண்ணீரைத்தான் பார்த்தோம், அடியில் மணலை ஆறு அரித்துக்கொண்டு போவதை எவன் பார்த்தான்?

ஒருநாள் காலை கோடு தெரிந்தது, கயிற்றை அவிழ்த்தார்கள், ஒரு பஸ் கடந்து போனது. அதன் பின்னால் என் சிநேகிதன் கவுஸ், வல்லத்திலிருந்து வேர்க்கடலை ஏற்றிய டிராக்டரோடு வந்தான்.

"மல்லாட்ட நனஞ்சி மொளச்சிக்கினு கீது மச்சான், மார்க்கெட் கமிட்டில போட்டுட்டு வந்துர்றேன், டீ சொல்லி வை" என்று கத்திவிட்டுப் பாலத்தில் ஏறினான்.

அப்போதுதான் பார்த்தேன். யானையையே உருட்டுகிற அந்த இழுப்பில், நடு ஆற்றில் ஒருவன் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்கிறான், சட்டையில் பொட்டு ஈரமில்லை. குனிந்து பக்கத்துத் தூணுக்கு அடியில் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். தூண் மண்ணில் ஊன்றியிருந்தால் கை எப்படி உள்ளே போகும்? பாலத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"டேய் கவுசு, போவாதடா!"

என் குரல் என்றால் அவன் நிற்பான். நின்றான். "இன்னா மச்சான்?" என்று திரும்பினான், சரியாக அந்தத் தூணுக்கு மேலே. தூண் உடையவில்லை, நின்றபடியே உள்ளே இறங்கியது. பாலமும் டிராக்டரும் அதோடு போயின, கவுஸும் போனான்.

வெள்ளத்தில் அங்கே பெரும் பள்ளம் விழுந்திருக்கிறது, முழுசாக வடிந்தபோது ஆறே அதை மணலால் மூடிவிட்டது என்று பிறகு வந்த இன்ஜினியர் சொன்னார். அப்படியென்றால் அன்றைக்கு அந்த ஆள் நிற்க அங்கே தரையே கிடையாது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பஸ்ஸைப் போலவே கவுஸும் கடந்திருப்பான். இதை நினைக்காமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூண் இறங்கியபோது அந்த ஆள் நிமிர்ந்தான். கவுஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கூடமாட ஒத்தாசை செய்தவனுக்குத் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினான்.