தொண்ணூற்று மூன்றில் கொதிக்கும் தண்ணீர்

வீரம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு வயல்களுக்கு நடுவில் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளர். பதினோரு வருஷமாகக் காய் நறுக்குவதும் அண்டா துலக்குவதும் அவள் வேலை. சமையலர் அன்னக்கொடிக்கு ஜனவரி மாதத்தோடு ஓய்வு. அந்த இடம் வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வீரம்மாள் ஏழோடு நின்றவள். போன வருஷம் தனித்தேர்வு எழுதினாள். மற்றதிலெல்லாம் தேறி, அறிவியலில் நான்கு மதிப்பெண்ணில் கோட்டை விட்டாள். இந்த முறையும் விட்டால் வெளியூரிலிருந்து ஆள் வந்துவிடும்.

“எவளோ வந்து எனக்கு வெங்காயம் உரிக்கச் சொல்லிக் குடுப்பா. அதைக் கேக்கவா நான் இங்கன கெடக்கேன்?” என்றாள்.

ஆகவே சாப்பாட்டு வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

“அண்டா கழுவுறவளுக்கு அணு எதுக்குடி?” என்று அன்னக்கொடி கேட்டாள்.

“அண்டாவே அணுதான், மதினி. தேய்க்கத் தேய்க்கக் கொஞ்சம் போகுது, பாக்கலையா?”

அறிவியல் டீச்சர் சுபஸ்ரீ ராமநாதபுரத்துக் கடலோரப் பெண். மலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இரண்டு ஸ்வெட்டருக்குக் குறைந்து யாரும் அவளைப் பார்த்ததில்லை. மூலக்கூறு செய்துகாட்ட மாதிரி உருண்டைகள் இல்லாததால் வீரம்மாளிடம் காய் கேட்டாள். ஒரு உருளைக்கிழங்கு ஆக்சிஜன், இரண்டு பச்சைப் பட்டாணி ஹைட்ரஜன், நடுவில் ஈர்க்குச்சி. அரை மணி நேரத்தில் மேஜை நிறையத் தண்ணீர் மூலக்கூறுகள்.

“டீச்சர், பிரசாந்த் ஹைட்ரஜனைத் தின்னுட்டான்!”

“அப்ப மிச்சம் என்ன இருக்கு?”

“ஆக்சிஜன் டீச்சர். அதை ஆயாம்மா நாளைக்குப் பொரியல் வச்சிரும்.”

கலவையும் சேர்மமும் வீரம்மாளுக்குச் சிரமமே தரவில்லை. சாம்பாரில் கத்திரிக்காயைப் பொறுக்கி எடுத்துவிடலாம், அது கலவை. உப்பில் சோடியத்தையும் குளோரினையும் தனியாகப் பொறுக்க முடியாது, அது சேர்மம். “ரெண்டையும் தனித்தனியாத் தின்னா ஆள் காலி. சேந்துட்டா, அது இல்லாமச் சோறு எறங்காது” என்று நோட்டில் எழுதி வைத்தாள்.

சிக்கல் வந்தது கொதிநிலையில்தான். டீச்சர் புது வெப்பமானியோடு பிள்ளைகளைச் சமையலறைக்குக் கூட்டி வந்தாள்.

“தண்ணிக்குக் காய்ச்சலா டீச்சர்?” என்று வீரம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சிவப்புக் கோடு தொண்ணூற்று மூன்றில் நின்றது. அடுப்பைக் கூட்டினார்கள். ஆவிதான் கூடியது, கோடு அசையவில்லை. அலமாரியிலிருந்து பழைய வெப்பமானியை எடுத்து வந்தார்கள். அதுவும் தொண்ணூற்று மூன்று.

“புத்தகத்துல நூறு போட்டிருக்கே” என்றாள் சுபஸ்ரீ. முகம் சிவந்துவிட்டது.

வீரம்மாள் அடுப்பைத் தணித்தாள். பரீட்சையில் கேட்டால் புத்தகத்தை எழுதுவதா, கண்ணால் பார்த்ததை எழுதுவதா? யோசித்துக்கொண்டே நின்றவளுக்கு மகள் வீட்டுப் பருப்பு ஞாபகம் வந்தது.

“டீச்சர், ஒட்டன்சத்திரத்துல எம்மக மகாராணி வீட்டுல, நம்மூருக் கணக்குக்குப் பருப்பை வேக விட்டேன். குழைஞ்சு கூழாப் போச்சு. அங்கன தண்ணி இதைவிடச் சூடாத்தான் இருக்கணும்.”

சுபஸ்ரீ நெற்றியில் அடித்துக்கொண்டாள். “காத்தழுத்தம்க்கா! மலை மேல அழுத்தம் கம்மி. அதான் சூடு ஏறுறதுக்குள்ள கொதிச்சிருது. கடல் மட்டத்துலதான் நூறு. காலேஜ்ல இதைப் படிச்சுப் பாஸ் பண்ணிருக்கேன், பாருங்க!”

பிள்ளைகள் நம்பவில்லை. அளந்தால்தான் ஆச்சு என்றார்கள். சனிக்கிழமை வெள்ளனே வீரம்மாள் வெப்பமானியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேல்ராஜின் கேரட் லாரியில் ஏறினாள்.

“என்னக்கா, பச்சப்புள்ள மாதிரி வச்சிருக்க?”

“பச்சப்புள்ளைன்னா அழும். இது ஒடையும். வளைவுல பாத்துத் திருப்பு.”

ஒட்டன்சத்திரத்தில் மகள் காப்பிக்கு வைத்த தண்ணீரைப் பிடுங்கி அளந்தாள். அங்கிருந்தே டீச்சருக்குப் போன் போட்டாள்.

“தொண்ணூத்தொம்பது!”

“கடல் இன்னும் கீழல்ல இருக்கு, அந்த ஒண்ணு அங்க போய்த்தான்க்கா கெடைக்கும்.”

திங்கட்கிழமை வகுப்பில் கைதட்டல் அடங்கக் கால் மணி நேரமானது.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது: நீரின் கொதிநிலை, ஒரு கோடு, ஒரு மதிப்பெண். வீரம்மாள் கோட்டின் மேல் ‘கடல் மட்டத்தில் 100’ என்று எழுதினாள். மனசு கேட்கவில்லை. ஓரத்தில் ‘எங்கள் ஊரில் 93, ஒட்டன்சத்திரத்தில் 99, நானே அளந்தது’ என்று சேர்த்தாள்.

“அதை ஏன்க்கா எழுதுனீங்க? திருத்துறவர் கொழம்பிட்டா?” என்று சுபஸ்ரீ கையைப் பிசைந்தாள்.

“நாம அளந்ததை நாமளே மறைக்கலாமா டீச்சர்?”

அறிவியலில் நாற்பத்தெட்டு. அந்த ஒரு மதிப்பெண் கிடைத்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அன்னக்கொடி இடுப்பிலிருந்து சமையலறைச் சாவியை உருவி நீட்டினாள். “இந்தாடி, விஞ்ஞானி. அந்த மூணாவது அடுப்பு மட்டும் மக்கர் பண்ணும்.”

சமையலராக முதல் நாள். உலை கொதித்தது. எட்டாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பிரசாந்த் கத்தினான்.

“ஆயாம்மா, எத்தனை?”

“தொண்ணூத்தி மூணு! ஹைட்ரஜனை நானே எண்ணிப் போட்டிருக்கேன், வெரசா தட்டைக் கழுவிட்டு வாங்க!”