மூன்றாவது ஆடி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் வண்டியில் ஏறி வடக்கே ஊர் ஊராகத் திரிந்தேன். வருடத்தில் பதினோரு மாதம் லாரிக்கடியில்தான் படுக்கை. மழை பிடித்து வண்டி சேற்றில் புதையும் காலத்தில்தான் ஊருக்கு அனுப்புவார்கள். அது சரியாக ஆடியில் வந்து விழும்.

ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் பக்க வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. கல்யாணமான வருடம் நான் இறங்கிய பஸ்ஸிலேயே என் மனைவி ஏறித் தாய்வீடு இருக்கும் இண்டூருக்குப் போனாள். "பிள்ளை பெறாத வரைக்கும் புதுப்பொண்ணுதான்" என்று அம்மா அடுத்த வருடமும் அனுப்பிவிட்டார். அவளைப் பார்க்கப் போனால் மாமியார் வீட்டில் நாலு பெண்கள் சுற்றி நின்று சோறு போட்டு, அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பி வைப்பார்கள். ஆடிக்கு முன்னும் பின்னும் கிடைத்த சில நாட்களில் எங்கள் வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் படுத்தோம்.

பிள்ளை இல்லாத குறை மட்டும் அவள் தலையில் விழுந்தது. கோயில், பத்தியம், கஷாயம் எல்லாம் அவளுக்கு. ஒருநாள் போனில் சொன்னாள்: "ஏங்க, உங்க அத்தை உங்களுக்கு வேற பொண்ணு பாக்கறாங்களாம். அவளையும் ஆடிக்கு அனுப்பிடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதென்று சொல்ல முடியாது. பசு பருவத்துக்கு வந்தால் மாட்டு டாக்டரிடம் போனில் தெருவே கேட்கப் பேசுவார்: "நேத்து சாயந்தரத்துல இருந்து கத்துதுங்க. மதியத்துக்குள்ள ஊசி போடுங்க, நேரம் தப்புனா சினை நிக்காதுங்க." அதே வீட்டில் டிவியில் ஆணுறை விளம்பரம் வந்தால் அப்பா எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போவார். கிணறு வறண்ட வருடத்திலும் போனார்.

மூன்றாவது ஆடிக்கு மூன்று நாள் முன்னால் வந்தேன். மறுநாளே அம்மா எங்கள் இருவரையும் தர்மபுரிக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார்.

"கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருசம் முடிஞ்சிதுங்க."

"அதுல ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது எத்தனை நாள்?"

அம்மா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். நான் விரலை மடக்கினேன். என் மனைவி எண்ணாமலே சொன்னாள்: "பதினாலு நாளுங்க. அதுல அஞ்சு நாள் அவருக்குக் காய்ச்சல்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லீங்கம்மா."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோர இடத்தை மருமகளுக்கு விட்டார்.

ஆடி முதல் நாள் மாமனார் பழத்தட்டோடு மகளை அழைத்துப் போக வந்தார்.

"இந்த வருசம் அனுப்ப முடியாதுங்க சம்பந்தி," என்றார் அம்மா. "நாங்க ரெண்டு பேரும் நல்லம்பள்ளி போறோம். எங்கண்ணன் காட்டுல களை வெட்ட ஆளில்லைங்க."

அப்பாவுக்கே அது புதுச் செய்தி.

"வூட்டப் பாத்துக்கத்தான் மாப்பிள்ளை இருக்காருங்களே?"

"அவனுக்குச் சோறாக்கத் தெரியாதுங்க."

வண்டியில் ஏழு பேருக்கு இரண்டு வருடம் பொங்கிப் போட்டவன் நான். மாமனார் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு முக்கியந்தானுங்க," என்று தட்டை அவளிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

"எத்தனை நாளைக்குக் களை?" என்று கேட்டார் அப்பா.

"முடியற வரைக்கும். சட்டைய மாட்டுங்க."

ஆவணியில்தான் திரும்பி வந்தார்கள். சித்திரையில் மகள் பிறந்தாள், மூன்றேகால் கிலோ. பார்க்க வந்த பெண்கள் விரல் மடக்கத் தொடங்குமுன் அம்மா முந்திக்கொள்வார்: "குறைமாசம்ங்க. ஒரு மாசம் முன்னாடியே பொறந்துட்டா."

அவர்கள் குழந்தையின் தொடையைப் பார்ப்பார்கள்.

"ஆமாங்க, பாத்தாலே தெரியுது" என்பார்கள்.