எண்ணெய் வைத்த அன்று தூங்கக் கூடாது

நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வீடு வருகிறவனுக்குத் தேவை தூக்கம். எங்கள் வீட்டில் அதைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

வைகை அணைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்ததும் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் சூப்பர்வைசர் வேலை. வாரா வாரம் ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் வந்தால், விடிகிற நேரத்துக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். மெஷின் முன்னால் நின்றுகொண்டே காரணமில்லாமல் அழுகை வரும். பஞ்சுத் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் தங்காது. சோறு பிடிக்காது, யார் பேசினாலும் எரிச்சல். புத்தி பேதலித்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "சூடுலே. ராவெல்லாம் முழிச்சா தலைக்கு ஏறாம என்ன செய்யும்? சனிக்கெழம எண்ணெ வச்சுக் குளி."

நான் தேனிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். உடம்பின் வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காதாம். விடிவதற்கு முன்னால் இறங்கிக் கிடக்கும், பொழுது ஏற ஏற அதுவும் ஏறும், ராத்திரி மறுபடி இறங்கும்போதுதான் தூக்கம் பிடிக்கும். "நீங்க அது எறங்குறப்ப வேலை பாக்குறீங்க, ஏறுறப்ப படுக்குறீங்க. தூக்கம் கெட்டா மனசும் கெடும். வந்ததும் இருட்டா, குளுமையா ஒரு எடத்துல படுங்க. யாரும் எழுப்பக் கூடாது" என்றார்.

வீட்டில் வந்து விவரமாகச் சொன்னேன்.

"டாக்டரும் சூடுன்னுதான சொல்லிருக்காக" என்றாள் அம்மா.

சனிக்கிழமை மில் வேனை விட்டு இறங்கி வந்தால், சீரகம் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தயாராக இருந்தது. மறுக்கத் தெம்பில்லை. சீயக்காய் போட்டுக் குளித்ததும் கண் தானாகச் சொக்கியது. பாயை எடுத்தேன்.

"ஏலே, எண்ணெ வச்ச அன்னிக்குப் பகல்ல தூங்கக் கூடாது. எறங்குன சூடெல்லாம் திரும்ப ஏறிரும்."

"ஆத்தா, ராத்திரி முழுக்க நான் தூங்கல."

"நானா வேணாம்னேன்? தூங்கிட்டு வந்துல்ல குளிக்கணும்."

"மில்லுலயா தூங்கச் சொல்ற?"

"அது எனக்கென்ன தெரியும். படிச்சவன் நீ."

பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள். நாற்காலியில் தலை சாய்ந்தால் டிவி சத்தத்தைக் கூட்டினாள். நைட் ஷிப்ட் வருகிற சனிக்கிழமையெல்லாம் இதே கூத்து. அப்படி ஒரு சனிக்கிழமை, குளித்துவிட்டு வந்தவன் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "அப்பா மட்டும் பகல்ல தூங்கலையா?"

எங்கள் தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். வருசக்கணக்காக அப்பா ராத்திரி தண்ணி பாய்ச்சிவிட்டுப் பகலில் மோட்டார் ரூமில் தூங்குகிறவர். அதை யாரும் சூடு என்று சொன்னதில்லை.

"அவுக கரண்டு வர்ற நேரத்துக்குப் போறாக. அதுக்கு என்ன செய்ய?"

"என் மில்லும் கரண்டுலதான் ஓடுது."

அம்மா காப்பி போட எழுந்து போய்விட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கை கழுவினார். "வாய்க்கா ஒடஞ்சு கெடக்கு. மம்பட்டியத் தூக்கிட்டு வா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மம்பட்டியை வெடுக்கென்று எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன்.

தோட்டத்தில் எந்த வாய்க்காலும் உடைந்திருக்கவில்லை. அப்பா நேராக மோட்டார் ரூமுக்குப் போனார். புங்க மரத்து நிழல், ஜன்னல் கிடையாது. உரச்சாக்கை உதறி விரித்தார்.

"படு. தலைக்குத் துண்டக் கட்டிக்க. சாக்குல எண்ணெ வாடை அடிச்சா ஒங்காத்தா கண்டுபிடிச்சிருவா."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டாள், முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே பெருமை.

"பாத்தியா, மொகம் எப்பிடித் தெளிஞ்சிருச்சு. எண்ணெ வச்சா கேக்கும்னு சொன்னேன்ல. இனிமே புதன்கெழமையும் வைப்பம்."

டாக்டர் சொன்னதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நினைத்து, விட்டுவிட்டேன். அப்பா தலை நிமிராமல் சொன்னார்:

"வையி. வாய்க்கா புதன்கெழமையும் ஒடையத்தான் செய்யும்."