இறங்கினால்தான் பெட்ரோல்

என் மகள் அடையாற்றில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போடும் வேலை பார்த்தாள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அதை யாரிடமும் நேராகச் சொல்லாமல் ஐந்து மாதம் ஓட்டினேன். கேட்டவர்களிடம் எண்ணெய் கம்பெனியில் வேலை என்பேன். ஆபீஸ் எங்கே, கிண்டியா என்று தொடர்ந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மயிலாப்பூரில் பத்தொன்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், புருஷன் அடித்ததில் இடது காது பாதி கேட்காமல் போய், வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஏழு மாதம் உள் அறையில் கிடந்தாள். தானாகக் கிடந்தாள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். விருந்தாளி வந்தால் "நீ உள்ளே போ" என்று அனுப்பியவள் நான்தான்.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் பட்டினப்பாக்கத்து அம்மாவின் மகள்தான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். அவளும் புருஷன் விட்டுவிட்டுப் போனவள், அந்த பங்க்கில்தான் வேலை. போக்கிடமில்லாத பெண்களாகப் பார்த்து அந்த பங்க் முதலாளி வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். என் மகள் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். நீலச் சட்டை, நீல பேன்ட், தொப்பி. அவள் அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள், குழம்புச் சட்டியை வழித்து. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஒருநாள் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்க பொண்ணு மாதிரியே ஒருத்தி எங்க வீட்டுக்காரர் வண்டிக்குப் பெட்ரோல் போட்டாளாமே?" யாரோ சிரித்தார்கள். பள்ளி விட்டதும் அடையாற்றுக்கு பஸ் ஏறினேன். வேலையை விடச் சொல்லிக் கையோடு அவளை அழைத்துவந்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

காற்றடிக்கும் இடத்தருகே நின்றிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் உள்ளே வந்தது. ஓட்டி வந்தது என் மருமகன். பின்னால் ஒரு நண்பன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்கவென்றே வந்திருந்தான். மற்ற பம்புகளில் இடமிருந்தும் அவளிடம்தான் போய் நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஃபுல்லா போடு," என்றான். நண்பனிடம், "நம்ம வீட்டம்மாதான்டா. ஊருக்கே சலாம் போடுறா."

அந்த ஸ்கூட்டர்களில் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கும். ஓட்டுகிறவர் இறங்கி சீட்டைத் தூக்கியாக வேண்டும். யாரும் சொல்லாமலே இறங்குவார்கள். அவன் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். அவன் உட்கார்ந்திருக்க இவள் எதிரே நிற்பதுதான் அந்த வீட்டு வழக்கம்.

"வண்டியை ஆஃப் பண்ணிட்டு இறங்குங்க சார்," என்றாள் என் மகள்.

"யாருடி சார்?"

"இறங்கினாதான் பெட்ரோல்." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பம்பிலிருந்து மீன்காரம்மாவின் மகள் திரும்பினாள். "இன்னா சார், எறங்க காலு வலிக்குதா? பின்னாடி எத்தினி வண்டி நிக்குது பாரு." ஒரு ஆட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். முதலில் நண்பன் இறங்கினான். பிறகு அவன். இன்ஜினை அணைத்து, சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் போட்டுவிட்டு அடுத்த வண்டியைக் கைகாட்டி அழைத்தாள்.

போகும்போது அவன், இவளை வேலைக்கு வைத்தவன் எவன் என்று பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டுப் போனான். அதைக் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். மீன்காரம்மாவின் மகள் என்னைக் காட்டி, இவளுடைய அம்மா என்றாள்.

"குடும்பத் தகராறெல்லாம் இங்க வேணாம்மா," என்றார் மேனேஜர். "பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க. நாளையிலேர்ந்து வீட்டுலயே வெச்சுக்குங்க."

நான் சொல்ல வந்ததும் அதைத்தான். இன்னொருவர் வாயில் கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது. என் மகள் கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள்.

"தகராறு பண்ணினவன் போயிட்டான்," என்றேன். "வண்டியை அணைன்னு உங்க போர்டுல எழுதியிருக்கறதைத்தான் இவ சொன்னா. இதுக்கு இவளை நிறுத்துவீங்கன்னா, நாளைக்கு நான் உங்க முதலாளி வீட்டு வாசல்ல உட்காருவேன்."

குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரலாக வந்தது.

"நீங்க டீச்சரா?" என்றார்.

"ஆமா."

"அதான்," என்று முனகியவர், அவளைப் பார்த்து, "போய் வேலையைப் பாரும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவன் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவானோ என்ற பயத்தில் வெயிலிலேயே நின்றேன். அந்தப் பயம் இன்னும் விடவில்லை. வாசலில் ஸ்கூட்டர் நின்றால் இப்போதும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். வந்து போன கார்களில் எங்கள் தெருக்காரர்களும் இருந்தார்கள். கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.