சூறையனின் இடது கை

பஸ் நின்றால் கோடு, ஓடினால் நிறம். இதுதான் மணிமேகலையின் கணக்கு. புத்தூரில் ஏறி ஜன்னலோரம் பிடித்ததும் மடியில் கைப்பையை நிமிர்த்தி, அதில் போனைச் சாய்த்து, ஆள்காட்டி விரலால் வரைய ஆரம்பித்துவிடுவார். சத்திரம் பேருந்து நிலையம் வருவதற்குள் ஒரு மூக்கு முடிந்திருக்கும். காவிரிப் பாலத்தில் நெரிசல் என்றால் பஸ்ஸே உச்சுக்கொட்டும். அவர் முகம் மட்டும் மலரும். "நல்லா நிக்கட்டுங்க, கண்ணு பாக்கி இருக்கு" என்பார். அதே பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போகும் எனக்கு அலுவலகத்தில் தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வதென்ற கவலை.

நாற்பதைத் தாண்டிவிட்டவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைபட்டுத்தான் தெருவுக்கு வருகின்றன. தாய்மாமன்களுக்கு மீசையை முறுக்கிவிடுவார். வழுக்கையில் முடி நடுவார். "இன்னும் கொஞ்சம் கலரா காட்டும்மா" என்று நச்சரிப்பவர்களிடம், "இதுக்கு மேல போனா உங்க வீட்டுக்காரம்மாவுக்கே அடையாளம் தெரியாதுங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

பஸ்ஸில் வரைவது வேறு. அது சூறையன். சில வருஷங்களுக்கு முன் டிவியில் வந்த கார்ட்டூன் வீரன். இரண்டு கைகளையும் தட்டினால் சூறாவளி கிளம்பும். மகனுக்காகப் போட்டுவிட்ட கார்ட்டூன் அது. மகன் எழுந்து விளையாடப் போய்விட்டான், அம்மா உட்கார்ந்துவிட்டார். சேனல் தொடரைப் பாதியில் நிறுத்தியபோது ரசிகர்கள் விடவில்லை. இணையத்தில் 'சூறையன் வீடு' என்று ஒரு குழு வைத்து, கதையைத் தாங்களே வளர்த்து வருகிறார்கள். ஒருவர் ஓர் அத்தியாயம் எழுதுவார், இன்னொருவர் அதற்குப் படம் போடுவார், அடுத்தவர் அங்கிருந்து தொடர வேண்டும். போட்டது போட்டதுதான் என்பது வீட்டுச் சட்டம். எழுத்தோ படமோ குழுவில் ஏறிவிட்டால், சண்டையில் விட்ட வார்த்தை மாதிரி, திரும்ப எடுக்க முடியாது. குழுவை விட்டு விலகுபவரின் படைப்பு மட்டும் அவரோடு சேர்ந்து போய்விடும்.

அங்கே மணிமேகலையின் பெயர் 'கொள்ளிடம்'. யாரோ கல்லூரிப் பையன் என்று எண்ணி எல்லோரும் "ப்ரோ" என்கிறார்கள். இவரும் திருத்தவில்லை. "பேனர் அடிக்கிற பொம்பளைன்னு தெரிஞ்சா, மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவாங்க. இப்பத்தான் குறை சொல்றாங்க, சண்டை போடுறாங்க, திருத்தச் சொல்றாங்க. அது வேணுங்க எனக்கு." கடையில் அவர் செய்வதற்கு வேலை என்று பெயர். சூறையன் வீட்டில்தான் அதற்குப் படம் என்று பெயர்.

அந்த வீட்டில்தான் கையைத் தொலைத்தார். போனில் வரைபவர்கள் கண்ணாடித் தாள்களை அடுக்கியது போல ஒவ்வொரு பகுதியையும் தனித் தாளில் வரைந்து வைப்பார்கள். சூறையனின் இடது கையை ஒரு தாளில் வரைந்தவர், பின்னணிக்கு நிறம் பூசுவதற்காக அதை மறைத்து வைத்திருந்தார். இறங்குமிடம் வந்துவிட்டது. மறைத்ததைத் திரும்ப எடுக்காமலே படத்தைக் குழுவில் ஏற்றிவிட்டு இறங்கிவிட்டார். சாயங்காலம் பார்த்தால் சூறையனுக்கு ஒரு கைதான்.

வீடு இரண்டு பட்டது. அழித்துவிடலாம் என்றது ஒரு கட்சி. ஒன்றை அழித்தால் நாளைக்கு எல்லாவற்றையும் அழிப்பார்கள் என்றது இன்னொரு கட்சி. பாலக்கரைக்காரரான அனீஸுக்குத்தான் பலத்த அடி. கரையை உடைத்து வரும் வெள்ளத்தைச் சூறையன் கைதட்டித் திருப்பி அனுப்புவதாக, மாதக்கணக்கில் இழைத்து ஓர் அத்தியாயம் எழுதி வைத்திருந்தார். "ப்ரோ, ஒரு கையை வச்சு நான் என்ன பண்றது? வெள்ளத்துக்கு டாட்டா காட்டச் சொல்லவா?" என்று கேட்டிருந்தார். அதன்பிறகு யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுவாரம் ஒரு காலை. பாலத்தில் பஸ் அருமையாக நின்றிருந்தது. மணிமேகலையின் போன் பைக்குள் கிடந்தது.

"இன்னிக்கு வரையலீங்களா?" என்றேன்.

"விலகிடலாம்னு இருக்கேங்க. நான் போனா என் படமும் போயிடும். அவனுக்குக் கை திரும்ப வந்துடும்."

"உங்களுக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு கை தட்டினா ஓசை வராதுங்களே" என்றார். எனக்கு அன்று முழுவதும் மனசு சரியில்லை.

அன்றைக்குக் கடையில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். மண்ணச்சநல்லூரிலிருந்து சந்திரம்மாள் என்பவர் கணவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வந்திருக்கிறார். கூட்டமாக எடுத்த போட்டோவிலிருந்து ஓர் ஆளை வெட்டி எடுத்தால், பக்கத்தில் நின்றவரின் கை தோளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை அழிப்பது ஃப்ளெக்ஸ் கடை வழக்கம். மணிமேகலை அழிக்கப் போனார்.

"அழிக்காதம்மா. அது என் கைதான், இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம் சந்திரம்மாள்.

பேனர் அந்தக் கையோடே போனது. மறுநாள் பஸ்ஸில் மணிமேகலை மூச்சுவிடாமல் வரைந்தார். சூறையனின் ஒற்றை உள்ளங்கை உயர்ந்திருக்கிறது. படத்தின் ஓரத்திலிருந்து முகம் தெரியாத யாரோ ஒருவரின் இடது கை நீண்டு வந்து அதில் அறைகிறது. இரண்டுக்கும் நடுவே காற்று பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது.

"இனிமே அவனால ஒத்தையா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. யாராவது வந்து கை குடுத்தே ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். போட்டது போட்டதுதானே!

இரண்டு நாள் கழித்து அனீஸிடமிருந்து பதில் வந்தது. அதை என்னிடம் காட்டினார். "ப்ரோ, பழைய அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப வெள்ளத்தை நிறுத்த ஊரே வரிசையா வந்து கை குடுக்குது. வீட்ல இருக்கற எல்லாரும் இடது கையை போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்படியே வரைஞ்சுடலாம். மொதல் கை உங்களுதுதான்."

படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அவர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சியும் பயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

பஸ் பாலத்தில் நின்றது. இடது கையிலிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டார். வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின; டிரைவர் இன்ஜினை உறுமவிட்டார். மணிமேகலை மடியிலிருந்த வளையல்களைப் பொறுக்கியெடுத்து ஒன்றுவிடாமல் திரும்ப மாட்டிக்கொண்டார். "சீக்கிரம் எடுங்களேன், வண்டி கெளம்பறதுக்குள்ள" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் விரித்தார்.