கண்ணாடியைத் தொடர்ந்த கண்கள்

சந்திரம்மா பதினோரு வருடங்களாக வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கெல்லாம் ஜெயநகரில் வெங்கடராமன் வீட்டுக்கு வந்துவிடுவாள். அரசாங்க இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தார். கண் திறந்திருக்கும்; எதையும் பார்க்காது. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. நினைவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எல்லோரும் அதை நம்பினார்கள். மகன் சுதீர் கட்டிலின் காலடியில் நின்றபடியே, "எத்தனை நாளைக்கும்மா இந்தக் குழாய்? எடுத்துடலாமே" என்பான். அவர் மனைவி ருக்மிணி அழுவாள்.

சந்திரம்மாவும் நம்பினாள். உடம்பைத் துடைத்துவிடும்போது, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னாள். குடித்து ஈரல் கெட்டுப்போன அவள் கணவனுக்கு மூச்சுத் திணறியபோது, ஆட்டோ கூப்பிடாமல் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டாள். "கூப்ட்டிருந்தா பொழைச்சிருப்பானோ இன்னாவோ, சார்."

ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குச் சவரம் செய்துவிட்டு, விளையாட்டாகக் கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாருங்க சார், மாப்பிள்ள மாதிரி கீறீங்க."

கண்ணாடியை எடுக்கும்போது அவர் கண்கள் கூடவே வந்தன. இடப்பக்கம் கொண்டுபோனாள், வந்தன. வலப்பக்கமும் வந்தன. விரலை ஆட்டிப் பார்த்தாள், பார்வை அசையவில்லை.

"அம்மா! சார் தன் மூஞ்சியப் பாக்கறாரு!"

சுதீர் நம்பவில்லை. மறுநாள் டாக்டர் உமேஷ் வந்து அதையே செய்து பார்த்தார். வேறு எதையும் தொடராத கண் சிலருக்குத் தன் முகத்தை மட்டும் தொடரும் என்றார். பிறகு வெங்கடராமனின் காதருகே குனிந்து, ஆமென்றால் கண்ணை ஒருமுறை இறுக்கி மூடச் சொன்னார். ஐந்து கேள்விகளில் மூன்றுக்குச் சரியான பதில் வந்தது.

"ஏன்னா, நான் பேசறது கேக்கறதா?" என்றாள் ருக்மிணி. கண் மூடித் திறந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

சுதீரின் முகம் வெளுத்திருந்தது. "அப்பா... நாங்க இங்க நின்னு பேசினதெல்லாம் கேட்டுதா?"

கண் மெல்ல மூடித் திறந்தது. சுதீர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கதவருகே நின்ற சந்திரம்மா தன் பையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ருக்மிணி போன் செய்தாள். "ஒத்தையா அவரைப் புரட்டிப் போட முடியலை. வந்துடும்மா."

போனாள். உடம்பைத் துடைத்துவிடத் தொடங்கினாள். பாதத்துக்கு வந்தபோது அடக்க முடியவில்லை. "சார், அன்னிக்கி நான் சொன்னேனே... நான் கெட்டவளா?"

அவர் கண்கள் அவள் பக்கம் திறந்திருந்தன. கண் மூடவில்லை. இல்லை என்கிறாரா, கேள்வியே எட்டவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈரத்துணியைப் பிடித்தபடி காத்து நின்றாள்.

குழாயை எடுத்துவிடலாமா என்று அவரிடமே கேட்க யாருக்கும் துணிவில்லை. கடைசியில் ருக்மிணி கேட்டாள். அன்று கண் மூடவில்லை. அடுத்த நாளும் மூடவில்லை. அதிலிருந்து ஆறாவது வாரம் நிமோனியா வந்து இறந்துபோனார்.

தன் சாமான்களை எடுத்துப்போக வந்த சந்திரம்மாவை சுதீர் வாசலில் நிறுத்தினான். "என் மேல கோவம்னு அப்பா ஏதாவது காட்டினாரா?"

"கோவமெல்லாம் இல்லப்பா" என்றாள். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது ஹெப்பகோடியில், தொழிற்சாலை விபத்தில் நினைவிழந்த ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவரைத் தொடுகிறாள். வேறு எதுவும் பேசுவதில்லை.